காலி நாற்காலியிடம் எதைக் கேட்பது?

தருமபுரி மாவட்ட வாக்காளர்களின் கோரிக்கைச் சாசனம்
2025 ஆகஸ்ட் 15 கிராம சபைகளில் வாசிப்பதற்காக எழுதியது

பெறுநர்: தருமபுரி நாடாளுமன்ற உறுப்பினர்; பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் சட்டமன்ற உறுப்பினர்கள்; மாநிலத் தேர்தல் ஆணையம்; அடுத்த ஆண்டு எங்கள் வாசலுக்கு வரப்போகும் எல்லாக் கட்சி வேட்பாளர்கள்.

ஓட்டுப் போடுவதில் இந்த மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு தருமபுரித் தொகுதியில்தான். 2024-லும் அதே இடம், 81 சதவீதத்துக்கு மேல். 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலத்தில் முதலிடம் பாலக்கோடு, 87 சதவீதம். பெங்களூரில் சென்ட்ரிங் அடிப்பவர்களும் திருப்பூரில் பனியன் தைப்பவர்களும் முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் நின்றபடியே வந்து, காலையில் வரிசையில் நின்று, சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். இரண்டு நாள் கூலியும் பஸ் செலவும் போனது போனதுதான். அதற்கு யாரும் கணக்குக் கேட்டதில்லை.

இப்படிப் போட்ட ஓட்டு, விரலில் மை அழிந்த பிறகு எங்கே போய்விடுகிறது? அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

2018-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை அறிவிக்கப்பட்டது. 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி தாண்டி எங்கள் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களுக்குள் நுழைந்து மஞ்சவாடிக் கணவாயை ஒட்டிச் சேலம் போகும் பாதை. ஜூன் மாதத்தில் கல் நட வந்துவிட்டார்கள். தென்னை நின்ற இடம், கிணறு இருந்த இடம், போன வருஷம்தான் ஓடு மாற்றிய வீடு என்று எதையும் பார்க்காமல் கல் இறங்கியது.

நிலத்தில் கல் இறங்கினால் கிராமத்து ஆள் முதலில் ஓடுவது ஊராட்சித் தலைவர் வீட்டுக்கு. அன்றைக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் குறை இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மாதம் 24-ஆம் தேதியோடு பழைய தலைவர்களின் பதவிக்காலமும் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது. நடுவில் மூன்று ஆண்டு தனி அலுவலர் ஆட்சி.

சரி, எம்.எல்.ஏ.விடம் போகலாம் என்றால் அவரும் இல்லை. 2017 செப்டம்பர் 18 அன்று அப்போதைய சபாநாயகர் தனபால் 18 எம்.எல்.ஏ.க்களைத் தகுதி நீக்கம் செய்தார். அந்தப் பதினெட்டில் இரண்டு பேர் எங்களுடையவர்கள்: பாப்பிரெட்டிப்பட்டி பழனியப்பன், அரூர் முருகன். முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தது அவர்கள் செய்த காரியம். கடிதம் கொடுக்குமுன் எங்களைக் கேட்டார்களா என்பது ஒரு கேள்வி. பதவி பறிக்குமுன் எங்களை யாராவது கேட்டார்களா என்பது இன்னொரு கேள்வி. வழக்கு நடந்தது, இரு நீதிபதிகள் இருவிதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள், மூன்றாம் நீதிபதி 2018 அக்டோபர் 25-ல் தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18-ல் நடந்தது. பத்தொன்பது மாதம் இரண்டு தொகுதிகளுக்கும் சட்டமன்றத்தில் ஆள் இல்லை. சாலை போகவிருந்த இரண்டு வட்டங்களும் இந்த இரண்டு தொகுதிகளின் ஊர்கள்தான்.

யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டு இதைச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு நாற்காலியும் தனித்தனிக் காரணத்தால் காலியானது. ஆனால் கல் நட்டவர்கள் எந்த நாற்காலிக்காகவும் காத்திருக்கவில்லை.

மீதி இருந்தவர் எம்.பி. ஒருவர்தான். அன்றைய தருமபுரி எம்.பி. அன்புமணி இராமதாஸ் இந்தத் திட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனவர்களில் ஒருவர். அதைப் பாராட்டித்தான் ஆகவேண்டும். 2019 ஏப்ரல் 8 அன்று நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே அவருடைய கட்சி, அந்தச் சாலையை விடாப்பிடியாக ஆதரித்த ஆளுங்கட்சியோடு கூட்டணி சேர்ந்துவிட்டது. தீர்ப்பு வந்த பத்தாம் நாள் ஓட்டுப்பதிவு. அவர் சுமார் 70,000 ஓட்டில் தோற்றார். எட்டுவழியை எதிர்த்த கூட்டணியின் தி.மு.க. வேட்பாளர் செந்தில்குமார் ஜெயித்தார். அதே நாள், அதே சாவடிகளில் நடந்த அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இடைத்தேர்தல்களில் எட்டுவழியை ஆதரித்த அ.தி.மு.க. ஜெயித்தது.

சாலை வேண்டும் என்று சொன்னோமா, வேண்டாம் என்று சொன்னோமா? மேடையில் 'மக்கள் தீர்ப்பு' என்று முழங்குகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். சாதி, சின்னம், வேட்பாளர் முகம், குடிதண்ணீர், முதியோர் பென்ஷன், டெல்லியில் யார், சென்னையில் யார் எல்லாம் ஒரே பொத்தானில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பொத்தானை அழுத்தியவரின் மனதில் சாலையைப் பற்றி என்ன இருந்தது என்பதை எந்த இயந்திரமும் எண்ணித் தராது. நேரில் கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கென்றே சட்டம் ஒரு இடத்தை வைத்திருக்கிறது, கிராம சபை. அங்கே யாரும் வந்து கேட்கவில்லை. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-ன்கீழ் நிலம் எடுத்தால், 2013 நிலம் எடுப்புச் சட்டம் சொல்லும் சமூகத் தாக்க ஆய்வும் சம்மதமும் தேவையில்லை என்பது அதிகாரிகளுக்குக் கைவந்த பதில்.

2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைகள் செல்லும் என்றது. வருவாய்ப் பதிவேட்டில் அவசரமாகச் செய்த பெயர் மாற்றங்களை மட்டும் பழையபடி திருத்தச் சொன்னது. சாலை இன்றுவரை வரவில்லை. 2021-ல் ஆட்சி மாறியது, பேச்சும் மாறியது. நாங்கள் எதிர்க்கவே இல்லை, விவசாயிகளிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள் என்றுதான் சொன்னோம் என்கிற பொருளில் 2022-ல் நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் விளக்கம் கொடுத்தார். அப்படியானால் பேசட்டும். எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பேசியவர் யார் என்று அந்தக் கிராமங்களில் கேட்டுப் பாருங்கள்.

மக்கள் சொல்வதைத்தான் பிரதிநிதி செய்யவேண்டுமா, தன் புத்திக்குப் பட்டதைச் செய்யலாமா என்பது பழைய வழக்கு. 1774-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜெயித்த எட்மண்ட் பர்க், நான் உங்கள் கட்டளையைச் சுமக்கும் ஆள் அல்ல, என் அறிவையும் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று வாக்காளர்களிடமே சொன்னார். தொகுதிப் பக்கம் வராத எம்.பி.க்களுக்குத் தோதாக அவர் பெயரைச் சொல்வார்கள். ஆனால் அவர் அதைச் சொன்னது வாக்காளர் முகத்துக்கு நேராக. ஆறு ஆண்டு கழித்து, அவர் போட்ட ஓட்டுகளால் ஊர் கொதித்தபோது, அதே ஊருக்கு வந்து ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். ஜெயிக்கமாட்டோம் என்று தெரிந்ததும் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். பர்க்கின் சுதந்திரம் வேண்டுமென்றால் பர்க்கின் விளக்கமும் தரவேண்டும். முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வது கடைக்காரரிடம் சரக்கு வாங்கிவிட்டுக் காசு கொடுக்காமல் நடப்பது மாதிரி.

எனவே நாங்கள் கேட்பது, சொன்னபடி ஆடும் பொம்மையை அல்ல. எங்களுக்கு மாறாக முடிவெடுக்கிறவர் எங்கள் எதிரில் உட்கார்ந்து காரணம் சொல்லவேண்டும். அதற்கு முதலில் நாற்காலியில் ஆள் இருக்கவேண்டும்.

முதல் கோரிக்கை: உள்ளாட்சித் தேர்தலை நடத்துங்கள்

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி தனி அலுவலர். இந்த மாவட்டத்தில் 251 ஊராட்சிகள், 10 ஒன்றியங்கள். தனி அலுவலராக இருக்கும் ஒரு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) தலையில் சராசரி 25 ஊராட்சி. அவர் நல்லவராகவே இருக்கட்டும். 25 ஊரின் தெருவிளக்கையும் மோட்டார் ரிப்பேரையும் ஒருவர் எப்படிப் பார்ப்பார்? பார்க்காவிட்டால் அடுத்த முறை அவரைத் தோற்கடிக்கவும் எங்களால் முடியாது.

அரசியலமைப்பின் 243-ஈ பிரிவு ஐந்து ஆண்டு என்கிறது, அது முடியுமுன் தேர்தல் நடத்தி முடிக்கவேண்டும் என்கிறது. 2006-ல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே கண்டிப்பாகச் சொன்னது. வார்டு வரையறை முடியவில்லை என்று காரணம் சொல்கிறார்கள். ஐந்து ஆண்டு முடியும் தேதி ஐந்து ஆண்டுக்கு முன்பே தெரிந்த தேதி. கடந்த ஒன்பது ஆண்டில் கிட்டத்தட்ட நாலு ஆண்டு இந்த மாவட்டத்து ஊராட்சிகள் தலைவர் இல்லாமல் ஓடியிருக்கின்றன. சட்டமன்றத்துக்கு இப்படி நடந்தால் நாடு சும்மா இருக்குமா?

எல்லாக் கட்சிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆட்சியில் இல்லாதபோது உள்ளாட்சித் தேர்தல் எங்கே என்று கேட்பதும், வந்தபிறகு அலுவலர் ஆட்சியில் வசதி காண்பதும் இரண்டு பக்கமும் நடந்ததை நாங்கள் பார்த்துவிட்டோம். தேர்தல் தேதியை அறிவித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது: ஆள் இல்லாத நேரத்தில் திரும்பப் பெற முடியாத முடிவு எடுக்காதீர்கள்

ஊராட்சித் தலைவரோ எம்.எல்.ஏ.வோ இல்லாத காலத்தில் அந்த ஊர் நிலத்தை எடுக்கும் அறிவிக்கை, குவாரி அனுமதி, ஏரி, மேய்ச்சல் புறம்போக்கு வகை மாற்றம் எதையும் சிறப்புக் கிராம சபை கூட்டிக் கேட்காமல் செய்யக்கூடாது. சட்டம் இதற்கு இடம் தரவில்லை என்றால் சட்டத்தைத் திருத்துவதற்குத்தான் உங்களைச் சென்னைக்கும் டெல்லிக்கும் அனுப்பினோம். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் தோண்டலாமா என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. அங்கே காட்டு உரிமைச் சட்டம் கைகொடுத்தது. சமவெளிக் கிராமத்தானுக்கு அந்தக் கை இல்லை. அதனால் தனிச் சட்டம் கேட்கிறோம்.

மூன்றாவது: கிராம சபைத் தீர்மானத்துக்குப் பதில்

எங்கள் கிராம சபை எப்படி நடக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நோட்டீஸ் முந்தின நாள் ஒட்டப்படும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை மரத்தடிக்கு வரச்சொல்லி உட்காரவைப்பார்கள். விதிப்படி, 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருக்கவேண்டும். ஆள் குறைந்தால் கையெழுத்து குறையாது. நோட்டு வீடு வீடாக வந்துவிடும். தீர்மானம் ஏற்கெனவே தட்டச்சாகி வந்திருக்கும், அதில் பாதி எல்லா ஊருக்கும் பொது. யாராவது எழுந்து எங்கள் ஊர் ஏரிக்கரை உடைப்பைப் பற்றிக் கேட்டால், 'எழுதிக்குடுங்க, மேல அனுப்புறோம்' என்பார்கள்.

மேலே போனது கீழே வருவதே இல்லை. 2022 முதல் ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டத்தை ஆறாக்கினார்கள், நல்லது. ஆறு முறை பேசி ஆறு முறையும் பதில் வராவிட்டால் ஏழாவது முறை எவர் வருவார்?

ஆகவே: ஊர் போட்ட ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அறுபது நாளுக்குள் சம்பந்தப்பட்ட அலுவலர் எழுத்தில் பதில் தரவேண்டும். முடியும், முடியாது, முடியாதென்றால் எந்தச் சட்டப்படி அல்லது எந்தச் செலவால் முடியாது என்று. அது அடுத்த கூட்டத்தின் முதல் வேலையாக வாசிக்கப்படவேண்டும். தீர்மான நோட்டின் நகலைக் கேட்டவருக்கு அன்றே கொடுக்கவேண்டும்.

நான்காவது: எம்.எல்.ஏ., எம்.பி. கிராம சபைக்கு வரவேண்டும், பேசுவதற்கல்ல

ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு கிராம சபையில் கீழே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்கவேண்டும். மாலை, பொன்னாடை, வரவேற்பு பேனர் வேண்டாம். போகும்போது ஒரே ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்: இந்த ஆண்டு அவையில் என்ன கேள்வி கேட்டீர்கள், எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டீர்கள், தொகுதி மேம்பாட்டு நிதி எந்த ஊரில் எதற்குச் செலவானது. மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதைக்கு எவ்வளவு நிலம் கைக்கு வந்தது என்பதையும் அதில் சேர்க்கலாம். 36 கிலோமீட்டர்தான். வெள்ளைக்காரன் 1906-ல் ஓட்டிய ரயில் அது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபின் அதைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று சொல்லாத வேட்பாளர் இந்தத் தொகுதியில் உண்டா?

இதே இடத்தில் கொறடா உத்தரவைப் பற்றியும் சொல்லவேண்டும். 1985-ல் கட்சித் தாவலைத் தடுக்க அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தார்கள். ஆள் வாங்கும் வியாபாரத்தை நிறுத்த அது வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று அவையில் நடக்கும் எந்த ஓட்டிலும் கட்சி சொன்னதற்கு மாறாகக் கை தூக்கினால் பதவி போகும். அப்படியென்றால் நாங்கள் அனுப்பியவர் எங்கள் பேச்சையும் கேட்க முடியாது, தன் மனசாட்சியையும் கேட்க முடியாது. பர்க்கும் தோற்றார், வாக்காளரும் தோற்றார், கொறடா ஜெயித்தார். ஆட்சி நிலைப்பதற்கான ஓட்டுகளுக்கு மட்டும் கொறடாவை வைத்துக்கொண்டால் போதும் என்ற கருத்தை 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி குழு சொல்லிவிட்டது. முப்பத்தைந்து ஆண்டாக அது தூங்குகிறது. எங்கள் எம்.பி. அதை நாடாளுமன்றத்தில் எழுப்பவேண்டும். பதவி பறிக்கும் அதிகாரம் ஒரு கட்சிக்காரராக ஜெயித்து வந்த சபாநாயகர் கையில் இருப்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் அது வெறும் சட்ட விவாதம் அல்ல.

ஐந்தாவது: கூட்டணி

முந்தின நாள் வரை எதிர்த்த கட்சியோடு அடுத்த நாள் கூட்டணி சேர உங்களுக்கு உரிமை உண்டு. ஓட்டுக் கேட்டு வரும்போது, எந்தக் கொள்கையை விட்டுக்கொடுத்தீர்கள், எதற்குப் பதிலாக என்று முதல் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

ஆறாவது: எங்கள் கருத்தே தவறாக இருக்கும்போது

இந்தக் கோரிக்கையை எழுதும்போது எங்களுக்குள் சண்டை வந்தது. இதைச் சேர்க்கத்தான் வேண்டுமா என்றார்கள் சிலர். சேர்த்திருக்கிறோம்.

2012 நவம்பர் 7 அன்று இந்த மாவட்டத்தில் நாய்க்கன்கொட்டாய் பக்கம் ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி ஒரு கூட்டம் திரண்டது. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன, சூறையாடப்பட்டன. அன்றைக்கு அந்தக் கூட்டமும் தன்னை 'ஊர்' என்றுதான் சொல்லிக்கொண்டது. அதற்கும் பின்னால் எண்ணிக்கை இருந்தது. எண்ணிக்கை இருந்தால் அது மக்கள் கருத்து ஆகிவிடுமா?

பெண் சிசுக்களைக் காப்பதற்கான தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் எங்கள் மாவட்டத்துக்கு ஏன் வந்தது என்பது எங்கள் வீட்டுக் கிழவிகளுக்குத் தெரியும். ஊர்க்கருத்துக் கேட்டு வந்த திட்டம் அல்ல அது. ஊரின் வாய்மூடிய சம்மதத்துக்கு எதிராக வந்தது. பதினெட்டு வயது முடியாத பெண்ணுக்குத் தாலி கட்டுவதை நிறுத்த அதிகாரி வரும்போது ஊர்ப் பெரியவர்கள் யார் பக்கம் நிற்கிறார்கள்? அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதும் எம்.எல்.ஏ.வை எங்களுக்குப் பிடிக்கும் என்பது உண்மைதான். போகாத எம்.எல்.ஏ. வேண்டும் என்று இங்கே எழுதிக் கொடுக்கிறோம். ஓட்டுக் குறையும் என்று தெரிந்தே எங்களுக்கு எதிராக நில்லுங்கள், வந்து காரணம் சொல்லுங்கள். உடனே ஏற்கமாட்டோம். ஏசுவோம்கூட.

இதே காரணத்தால்தான் இந்தச் சாசனம், பிரதிநிதியைத் திரும்ப அழைக்கும் உரிமையைக் கேட்கவில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் நகராட்சிகளில் அது இருக்கிறது, ஹரியானாவில் 2020-ல் ஊராட்சித் தலைவர்களுக்கும் கொண்டுவந்தார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் ஊர்களில் அந்தக் கத்தி முதலில் யார் கழுத்துக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். இட ஒதுக்கீட்டில் ஜெயித்த தலித் தலைவர், கணவன் சொல்லைக் கேட்காமல் தானே கையெழுத்துப் போடத் துணிந்த பெண் தலைவர். அவர்களுக்கு ஐந்து ஆண்டு உறுதியாக இருக்கட்டும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவு, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரை நீக்கும் அதிகாரத்தை ஆட்சியருக்குத் தந்திருக்கிறது. அதைக் கிராம சபையின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதலும் நீதிபதியின் விசாரணையும் இல்லாமல் பயன்படுத்தக்கூடாது என்று திருத்துங்கள்.

ஏழாவது: மலை ஊர்கள்

1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி நுழைந்து செய்தது உலகத்துக்கே தெரியும். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். ஆட்சியில் இருந்தவர்கள் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தார்கள். மக்கள் ஓட்டில் வந்த அரசுதான் அதுவும். மார்க்சிஸ்ட் கட்சியின் நல்லசிவன் விஷயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வாச்சாத்தியின் ஓட்டில் ஜெயித்தவர் அல்ல. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்றது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சம்பவத்துக்கும் அந்தத் தேதிக்கும் நடுவே முப்பத்தொரு ஆண்டு. எத்தனை எம்.எல்.ஏ.க்கள் அரூரிலிருந்து போய் வந்தார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் சித்தேரி, வத்தல்மலை ஊர்களின் கிராம சபைக்கு, பிற மாநிலத்து மலைக் கிராமங்களுக்கு 1996 முதல் சட்டம் தந்த அதிகாரம் கிடையாது. அதைப் பெற்றுத்தாருங்கள். அதுவரை காட்டு உரிமைச் சட்டப்படி ஊர்வாரியாகக் கிராம சபை கூட்டி, நிலுவையில் உள்ள உரிமைக் கோரிக்கைகளை முடித்துக் கொடுங்கள்.

எட்டாவது: எங்களை மனுதாரராக மட்டும் பார்க்காதீர்கள்

திட்டம் தொடங்கிவைக்க எங்கள் மாவட்டம் ராசியானது போலிருக்கிறது. மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் முகாம் 2023 ஜூலையில் தொப்பூரில் தொடங்கியது. ஊரகப் பகுதிக்கான 'மக்களுடன் முதல்வர்' 2024 ஜூலையில் பாளையம்புதூரில் தொடங்கியது. பணம் வந்தது, பட்டா வந்தது, நன்றி. ஆனால் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம், ஜமாபந்தி, முகாம், மறுபடி முகாம் என்று எங்கள் கையில் எப்போதும் ஒரு மனு இருந்துகொண்டே இருக்கிறது. மனு கொடுப்பவர் கேட்பது தன் வீட்டுக்கு. ஊருக்கு எது முதலில் வேண்டும் என்று பேசும் இடம் முகாமில் இல்லை.

2021-ல் இந்த மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளிலும் எதிர்க்கட்சியினரைத் தேர்ந்தெடுத்தோம். வேறு மாவட்டத்தில் ஜெயித்த அமைச்சர் ஒருவரை 'பொறுப்பு அமைச்சர்' ஆக்கினார்கள். ஆய்வுக் கூட்டத்தில் யார் நடுவில் உட்காருகிறார்கள், யாருக்கு அழைப்பே போகவில்லை என்பதை நாளிதழ்ப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இது 2021-ல் ஆட்சிக்கு வந்த கட்சி கண்டுபிடித்த வழக்கம் அல்ல, எல்லா ஆட்சியிலும் நடப்பதுதான். மாவட்டத்தின் எந்த ஆய்வுக் கூட்டமும் அந்தந்தத் தொகுதி எம்.எல்.ஏ. இல்லாமல், அவர் எந்தக் கட்சியானாலும், நடக்கக்கூடாது. நடவடிக்கைக் குறிப்பை மாவட்ட இணையதளத்தில் போடவேண்டும்.

ஊரிடம் வந்து பேசவேண்டும் என்பதை ஒகேனக்கல் தண்ணீரை நினைத்துக்கொண்டு சொல்கிறோம். புளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறுத்து முதுகு வளைந்த தலைமுறைகள் எங்களுடையவை. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நட்டார்கள். ஏப்ரலில், திட்டத்துக்கு எதிர்ப்புக் கிளம்பிய கர்நாடகத்தில் தேர்தல் முடியட்டும் என்று திட்டத்தை நிறுத்திவைத்தார் முதலமைச்சர் கருணாநிதி. பெரிய கலவரத்தைத் தவிர்க்க அது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம். தண்ணீர் 2013-ல் வந்தது. நிறுத்திவைத்த அந்த நாட்களில் பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ஒரு கிராம சபையைக் கூட்டி, உங்கள் தண்ணீரை ஏன் ஒத்திவைக்கிறோம் என்று யாரும் வந்து சொல்லவில்லை. செய்தியாகத்தான் தெரிந்துகொண்டோம்.

எங்கள் பக்கத்துக் கணக்கு

கேட்பவர்களிடமும் கேட்கவேண்டியது இருக்கிறது. ஓட்டுக்குக் காசு வாங்கியிருக்கிறோம், எல்லாக் கட்சியிடமும். கிராம சபை அன்றைக்கு உளுந்து காயவைக்க வேண்டியிருக்கிறது என்று வீட்டில் இருந்திருக்கிறோம். வீடு தேடி வந்த நோட்டில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இந்த மூன்றில் கடைசி இரண்டை இன்றோடு நிறுத்துவதாக எழுதிக் கொடுக்கிறோம். முதலாவதைப் பற்றி எங்களுக்குள் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பொய்யாக வாக்குக் கொடுக்கவேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

இந்தச் சாசனம் வாசிக்கப்படும் ஒவ்வொரு கிராம சபையிலும் இது தீர்மானமாக முன்மொழியப்படும். ஆதரித்தவர், எதிர்த்தவர் எண்ணிக்கை இரண்டும் நோட்டில் ஏறவேண்டும். ஒரு நகல் பி.டி.ஓ.வுக்கும், ஒன்று தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும், ஒன்று எம்.பி.க்கும் பதிவுத் தபாலில் போகும். ஒப்புகைச் சீட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படும். அடுத்த கிராம சபை அக்டோபர் 2. அதற்குள் வந்த பதில்களை அன்று காலை கூட்டத்தின் முதல் வேலையாக வாசிப்போம். வராதவர்களின் பெயரையும், வரவில்லை என்ற ஒரு வார்த்தையையும் அதே குரலில் வாசிப்போம்.